பெல்லாயாவும் என் அங்கவஸ்திரமும்

அந்நாளில் நான் புத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். சென்னையில் பி.ஏ. படித்து, எல்.டி. ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன். பதினெட்டு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. என்மீது ஒரு புகார்க் கடிதமும் வந்ததில்லை. நான் பள்ளி வாசலைத் தாண்டுவதைப் பார்த்துக் கடைத்தெருவில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். இவ்வளவு மதிப்பையும் ஒரே பருவத்தில் ஆட்டங்காண வைக்கும் திறமை உலகில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பெல்லாயா.

அவருடைய இயற்பெயர் பதிவேட்டில் மட்டுமே வழங்கிற்று. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். பள்ளியைப் பெருக்கி, பானையில் தண்ணீர் நிரப்பி, மணியடிக்கும் பெண்மணிக்கும் அரசாங்கம் வைத்த பெயர் ஆயா. பெல் அடித்த ஆயா ஆகையால் ஊருக்கு அவர் பெல்லாயா. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அவர் அடித்தால் நான்காவது தெருவில் பால் பொங்கும் என்பார்கள். ஆந்திர மாநிலம் பிரிந்து, எல்லைக்கோடு எங்கே விழும் என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. பெல்லாயாவைக் கேட்டால், “எந்தப் பக்கம் போனாலும் பத்து மணிக்குப் பத்து மணி பெல்லுதானே அடிக்கணும்” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார்.

அவருடைய மகள் பிரசவத்துக்குப் பின் நெஞ்சு நோயில் விழுந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கணவனும் அங்கேயே தங்கினான். குழந்தையை அருகில் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு மாதப் பேரன் புத்தூருக்கு வந்தான். மறுநாளே பள்ளிக்கும் வந்தான். என் அறைக்குப் பின்னால் இருந்த தாழ்வாரத்தில் அவன் தூங்க ஏணை கட்டப்பட்டது. அதற்குத் துணி, என் மனைவியிடம் கேட்டு வாங்கிய என் பழைய அங்கவஸ்திரம். நாலு விரல் சரிகைக் கரை.

கண்டிக்கத்தான் எழுந்தேன். அவர் நிரந்தர ஊழியர் அல்லர். குழந்தையோடு வேலைக்கு வருவதாகப் புகார் போனால் அன்றே நிறுத்திவிடுவார்கள். நான்கு உயிர்கள் அந்த வேலையை நம்பியிருந்தன. கண்டனத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

அந்த அடுத்த வாரத்தில்தான் மணி நின்றது. குழந்தை தூங்கும்போது பெல்லாயா மணியடிக்க மாட்டார். வகுப்பு வகுப்பாகச் சென்று, வாசலில் நின்று விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் முதல் பாடம் முடிந்தது. இரண்டு என்றால் இரண்டாவது. மாணவர்கள் காலடி ஓசை கேட்காமல் நடந்து வகுப்பு மாறுவார்கள். ஒரு நாள் என் வகுப்பில் மட்டும் விரல் தெரியவில்லை. வெளியே வந்து, மூன்றாவது பாடம் எப்போது முடியும் என்று கேட்டேன்.

“முட்ஞ்சி கால் மணி ஆவுது சார்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீங்க கோவமா பாடம் நடத்திக்கினு இருந்தீங்க. வந்து சொன்னா என்னைத் திட்டுவீங்க. திட்டினா கொழந்த ஏந்துக்கும்.”

இந்த நிலையில்தான் சித்தூரிலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். வடக்கே கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. அன்று காலை குழந்தை நன்றாகத் தூங்கிற்று. நானூறு மாணவர்கள் மணியோசை இல்லாமல், பேச்சில்லாமல் வகுப்பு மாறுவதை அவர் கண்டார். இப்படிப்பட்ட ஒழுங்கைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று என் கையைப் பற்றிக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை.

பிறகு தாழ்வாரத்துக்கு வந்தார். ஏணையைப் பார்த்தார். அதன் சரிகைக் கரையைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த வேட்டியின் கரையைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஜோடி. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெலுங்கில் கேட்டார். அதிகாரிகளிடம் கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் பேசுவது என் வழக்கமன்று. “ஆயா” என்றேன். எங்கள் ஊரில் அதற்குப் பாட்டி என்று பொருள். அவருடைய ஊரில் அதற்குக் குழந்தை பார்க்கும் சம்பளக்காரி என்று மட்டுமே பொருள். அவர் முகம் இறுகிப் போயிற்று.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. பள்ளி ஊழியரைத் தலைமையாசிரியர் தம் சொந்தக் குழந்தையை வளர்க்கப் பயன்படுத்துவது ஏன்? ஒரு வாரத்துக்குள் விளக்கம் தருக. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. செய்தி குமாஸ்தா மூலம் கடைத்தெருவுக்குப் போயிற்று. கடிகாரம் திருத்தியவர்கள் என்னைக் கண்டதும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு வரி எழுதினால் என் பெயர் மீளும். அந்த வரியை எழுதியும் வைத்தேன்: குழந்தை என்னுடையது அன்று, மேற்படி ஊழியரின் பேரன். காகிதத்தை உறையில் இடும் நேரத்தில் பெல்லாயா வந்து நின்றார். இடுப்பில் குழந்தை. அழவில்லை, குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

“எழுதிடுங்க சார். எம் பேரன்னே எழுதுங்க. வேல போனா கல்லு ஒடைக்கப் போறேன். என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சின்னா, நான் இன்னா மொகத்த வெச்சிக்கினு அந்த பெல்ல அடிப்பேன்?”

“போய் நாலாவது பெல் அடிங்க” என்றேன்.

“இவன் முழிச்சிக்கினுதான் கீறான், அடிக்கிறேன்” என்று போனார்.

அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். குழந்தை இனிப் பள்ளி வளாகத்தில் இராது என்று மட்டும் வேறொன்று எழுதி அனுப்பினேன். என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறிற்று. இன்றும் அது அங்கே இருக்கும். ஏணை எதிர்ச்சாரியில் இருந்த என் வீட்டுக்கு மாறிற்று. பேரன் தூங்கினால் என் மனைவி சன்னலில் ஈரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடுவாள். அதைப் பார்த்தால் பெல்லாயா இரும்புக் கம்பியில் கந்தலைச் சுற்றிக்கொண்டு அடிப்பார். இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது என்று இருவரும் நம்பினார்கள். அடுத்த ஆண்டு மகள் குணமாகி, தானே ரயிலில் இருந்து இறங்கி நடந்து வந்தாள். அன்று நான்கு மணி பெல் மூன்றே முக்காலுக்கு அடித்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பெல்லாயா இன்றில்லை. ஓர் ஏழைக்காக நான் என் பெயரைத் தியாகம் செய்தேன் என்று புத்தூரில் சிலர் பேசுகிறார்களாம். தவறு, நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குழந்தையை நான் வளர்த்தேன் என்பதும் தவறு. பள்ளி நேரத்தில் மட்டுமே அவன் எங்கள் வீட்டில் இருந்தான்; வளர்த்தவர் அவனுடைய ஆயா. அவன் வாயில் வந்த முதல் சொல் ‘தாத்தா’ என்றும், அது என்னைப் பார்த்துச் சொன்னது என்றும் கதை கட்டியிருக்கிறார்கள். அதுவும் சரியன்று. மதிய மணி அடித்தபோது அவன் சொன்ன முதல் சொல் ‘டங்’. அப்போது அவன் என் மடியில் இருந்தான்.