ஜப்பான் மொழி மாஸ்டர் பிரவின்குமார்

ஆறாம் வகுப்பு முதல் அனைவருக்கும் ஓர் உலகமொழி கட்டாயம் என்று சரவணம்பட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றின் தாளாளர் மருதாசலம் தீர்மானித்தார். எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் பிரெஞ்சைத் தொடங்கிவிட்டபடியால், மாணவர் நலன் கருதி ஜப்பான் மொழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

விளம்பரம் கொடுத்தும் வாத்தியார் எவரும் வரவில்லை. கடைசியில், பி.டி. மாஸ்டர் பிரவின்குமார் கராத்தேயில் கருப்பு பெல்ட் என்ற விவரம் நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது.

"ஏனுங்க சார், எனக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். அப்புறம் குத்து, உதை, தடு. அவ்வளவுதானுங்க."

"ஆறாவது பசங்களுக்கு அதுக்கு மேல என்னத்துக்குங்க? வெளையாட்டுப் பீரியடை எடுத்துத்தான் இதுக்குக் குடுத்திருக்குது. நீங்க மாட்டேன்னா உங்களுக்கு இங்க வேலை ஏதுங்க?"

பிரவின்குமாருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒப்புக்கொண்டார்.

பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மொழி போதிக்கப்பட்டது. "இச்சி, நி, சான்" என்று கத்தியபடி பிள்ளைகள் வியர்க்க வியர்க்க ஜப்பான் மொழி படித்தார்கள். பெற்றோருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எங்க பையன் இப்பெல்லாம் தங்கச்சியக் குனிஞ்சு கும்பிட்டுப்போட்டுத்தானுங்க அடிக்கறான். என்னமோ ஒரு பண்பாடு வந்திருக்குதுங்க," என்றார் நந்திதா என்ற தாய்.

ஆண்டு விழாவுக்கு, பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் யூகி என்ற ஜப்பான்காரப் பெண்ணைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். பிள்ளைகள் ஜப்பான் மொழியில் வரவேற்புரை வழங்கினார்கள். யூகி மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டு, "ஏன் எல்லோரும் என்னை உதைக்கச் சொல்கிறார்கள்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

கூட்டம் சலசலத்தது. மருதாசலம் மைக்கைப் பிடித்தார். "அம்மணி வேற ஜில்லாவாமா. நம்ம பேச்சு மெட்ராஸ்காரங்களுக்குப் புரியுதுங்களா? அது மாதிரித்தானுங்க."

எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். பிரவின்குமாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மறுநாளே யூகியைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னார். யூகி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, சனிக்கிழமைகளில் தானே வந்து இலவசமாகச் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டார். பிரவின்குமார் சந்தோஷமாக அவரை ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

"பி.எட். முடிச்சிருக்கறீங்களா?" என்றார் மருதாசலம்.

"இல்லை."

"ஜப்பான் மொழி தெரியும்னு சர்ட்டிபிகேட்?"

"நான் ஒசாகாவில் பிறந்தவள்."

"அதுக்குக் குடுக்கறது பர்த் சர்ட்டிபிகேட்டுங்க, அம்மணி. சட்டம்னு ஒண்ணு இருக்குதல்லங்க? ஒண்ணு பண்ணுங்க. நம்ம மாஸ்டர் கிளாஸ்ல உக்காந்து படிச்சு பாஸ் பண்ணுங்க. நாங்களே சர்ட்டிபிகேட் குடுத்தர்றோம்."

யூகி ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் சேர்ந்தார். முதல் வாரம் பிரவின்குமார் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசினார். அடுத்த மாதம் கொஞ்சம் பழகிவிட்டது. வருஷக் கடைசியில் வாய்மொழித் தேர்வில் அவரை நிறுத்தி, மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "உங்க உச்சரிப்புத்தானுங்க கொஞ்சம் சரியில்ல. அடிவயித்துல இருந்து வரோணும்."

யூகி குனிந்து வணங்கிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார். வகுப்பில் இரண்டாவதாகத் தேறினார்.

முதலாவதாக வந்தது மருதாசலத்தின் பேரன்.