ஐஸ் பெட்டியும் இயற்பியல் வாத்தியாரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாழ்க்கையில் உருப்படியாகப் பழுது பார்த்தது ஒரே ஒரு ஃப்ரிட்ஜைத்தான். அதுவும் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால். ஒரு கோடையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர மறுத்தபோது, அதன் முதுகுப் பக்கத்துக் கம்பிகளில் மெத்தை போலப் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டேன். மறுநாள் தயிர் கல்லாகிவிட்டது. அப்பா இதை டீக்கடையில் போய்ச் சொல்ல, அன்றிலிருந்து ஊரில் எந்த ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். (நான் போய், பின்னால் எட்டிப் பார்த்து, "கேஸ் போயிருக்கும்" என்று சொல்லிக் காபி குடித்துவிட்டு வருவேன்.) போதாததற்கு நான் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும் என்று பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பவன்.

இவ்வளவு தகுதிகளோடுதான், என் அப்பாவின் உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டியைப் பழுது பார்க்கக் கிளம்பினேன்.

வைகாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்தார். கால் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தங்கை மலர் சிங்கப்பூரில் நர்ஸ். மறுநாள் மதியம் திருச்சியில் இறங்கி, நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். இரண்டு வருடமாக அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுகைக்கு நடுவே அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் வர்ற வரைக்கும் அப்பா முகம் மாறாம பாத்துக்கண்ணா."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாடகைக்கு ஐஸ் பெட்டி வந்தது. கண்ணாடி மூடி, கால்மாட்டில் மெஷின், அதன் மேல் சிவப்பு எண்ணில் டிகிரி. காலை எட்டு மணிக்கு நாலு காட்டியது. ஒரே மகன் என்கிற கெத்தில் கும்பகோணத்திலிருந்து ஆளுயர ரோஜா மாலை வரவழைத்துப் போட்டேன். வந்தவர்களும் ஆளுக்கொரு மாலை கொண்டுவந்தார்கள். முகம் மறைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கால்மாட்டில் நானே அடுக்கினேன். ரொம்ப நேர்த்தியாக அடுக்கினேன்.

பதினோரு மணிக்கு ஒன்பது டிகிரி. பன்னிரண்டு மணிக்குப் பதின்மூன்று. கண்ணாடி உள்பக்கமாக வேர்க்க ஆரம்பித்தது.

கூடியிருந்த அத்தனை பேருக்கும் அழுவதுதான் வேலை. எனக்கு மட்டும் வேறு வேலை கிடைத்துவிட்டது. (அழாமல் தப்பிக்க வழி கிடைத்ததில் எனக்கு உள்ளூர நிம்மதிதான் என்று இப்போது தோன்றுகிறது.) ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பெட்டிக்காரருக்குப் போன் செய்தேன். "சார், கால்மாட்டுல ஜன்னல் மாதிரி கம்பி இருக்கும். அது வழியா காத்து போவுதான்னு பாருங்க" என்றார்.

"அதெல்லாம் பாத்தாச்சுங்க. நான் பிசிக்ஸ் வாத்தியார்" என்றேன். பார்க்கவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். மெஷின் அடியோடு ஊமையாகிவிட்டது. நின்ற கம்ப்ரஸர் மறுபடி ஓடச் சில நிமிடம் பிடிக்கும் என்பது மற்ற நாளில் எனக்குத் தெரியும். அன்று, அப்பாவை இரண்டாவது தடவை நானே சாகடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அது ஓட ஆரம்பித்ததும் வீட்டு ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி வந்து பெட்டிக்கு மாட்டினேன். (ஃப்ரிட்ஜைத் திரும்பச் சொருக மறந்துபோனேன். வந்தவர்களுக்குக் காபி போட வாங்கி வைத்த பால் முழுவதும் திரிந்தது.)

டிகிரி பதினைந்து.

அந்த நேரம் பார்த்துப் பெரிய அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் அக்கா, எண்பதை நெருங்கியவர். தம்பியின் முகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மூடியைத் தூக்கச் சொல்லி, "எங்கூடப் பொறந்த ராசாவே" என்று ஆரம்பித்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

"மூடுங்க அத்த! கூலிங் போயிடும்!"

ஒப்பாரி பாதியில் நின்றது. வாசலில் மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அத்தை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரிப்பா" என்றார். அந்தச் "சரிப்பா"வை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அத்தை போன வருடம் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

அடுத்து என் சந்தேகம் வோல்டேஜ் மேல் விழுந்தது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் அது. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க ஊரில் அத்தனை போர் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு மின்விசிறியின் இறக்கைகளை உட்கார்ந்து எண்ணலாம். பைக்கை எடுத்தேன். அப்பா பெட்டியில் கிடக்க, ஒரே பிள்ளை கசங்கிய வேட்டியும் ஸ்க்ரூ டிரைவருமாக வரப்பு வரப்பாக ஓடி, "கொஞ்ச நேரம் மோட்டார நிறுத்துங்க, அப்பாவுக்கு வோல்டேஜ் பத்தல" என்று கெஞ்சிய காட்சியை ஊரே பார்த்தது. நாற்று வாடும் வெயில். ஆனாலும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கலியபெருமாளிடம் போகத்தான் தயக்கமாக இருந்தது. அவர் போரும் எங்கள் போரும் பக்கத்துப் பக்கத்தில். அவர் மோட்டார் ஓடினால் எங்களுக்குத் தண்ணீர் குறைகிறது என்று அப்பா அவரோடு இருபது வருடம் சண்டை போட்டவர். கலியபெருமாள் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய் சுவிட்சை இறக்கினார்.

"இத நிறுத்தச் சொல்லித்தான் தம்பி உங்கப்பா இருபது வருஷம் கத்துனாரு. நான் அசைஞ்சு குடுக்கல. இன்னிக்கு நிறுத்த வச்சுட்டாரு பாரு" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிக்காத, ஓடு. கொறையுதான்னு பாரு."

குறையவில்லை. பதினேழு. மணி மூன்றாகிவிட்டது.

மலர் திருச்சியிலிருந்து காரில் கிளம்பிவிட்டாள். நான் தரையில் குப்புறப் படுத்து, கழற்றுவதற்கு ஏதாவது ஸ்க்ரூ அகப்படுமா என்று பெட்டியின் அடியில் துழாவிக்கொண்டிருந்தேன். அம்மா முதல் நாளிலிருந்து தலைமாட்டை விட்டு நகராதவர், யாரோடும் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் எழுந்து வந்து, நான் அடுக்கி வைத்திருந்த மாலைகளைக் கைகொள்ளும் மட்டும் அள்ளிக் கீழே போட்டார்.

"அவரு கால நான் பாக்கணும்டா" என்றார்.

மாலைகள் போனதும் ஜன்னல் போல ஒரு கம்பி வலை தெரிந்தது. அதன் மேல் என் கும்பகோணத்து ரோஜா மாலை அப்பிக்கொண்டு கிடந்தது. பிய்த்து எடுத்தேன். குப்பென்று அனல் காற்று என் முகத்தில் அடித்தது. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறினால்தான் உள்ளே குளிரும். வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம். ஊரையே நிறுத்தி வைத்துவிட்டேன், மாலையை எடுக்கத் தோன்றவில்லை.

நாலரை மணிக்கு மலரின் கார் வந்தபோது எண் மறுபடி நாலைத் தொட்டிருந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். கட்டிக்கொண்டு அழ வேண்டிய தங்கையிடம் முதல் வார்த்தையாக, "நாலு டிகிரி மலர்! நாலு டிகிரி வந்துருச்சு!" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மூடியை எடுத்தோம். அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. மலர் கன்னத்தில் கை வைத்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைத் தொட்டுப் பழகிய கைதான். சட்டென்று எடுத்துவிட்டாள்.

"அண்ணா, அப்பாவுக்கு ரொம்பக் குளுருதுண்ணா."

நான் உள்ளே ஓடினேன். பீரோவில் மடித்து வைத்திருந்த அப்பாவின் கம்பளிப் போர்வையை எடுத்து வந்து, கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினேன். இரண்டு ஓரத்தையும் செருகிவிட்டேன். காலையிலிருந்து அவரைக் குளிரவைக்க நாயாய் அலைந்தவன், அவருக்குக் குளிருமே என்று பதறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

பெரிய அத்தைதான் அழுதுகொண்டே முதலில் சிரித்தவர். "இந்தக் கூத்தப் பாருங்கடி, ஐஸ் பொட்டிக்குள்ள போர்வை போத்துறான் எம்மருமவன்" என்றார். அழுத பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். யாரோ போர்வையை எடுக்கப் போக, அம்மா கையைத் தட்டிவிட்டார். போர்வை அப்பாவோடேயே போயிற்று.

மூன்று வருடமாக எங்கள் சொந்தத்தில் எனக்கு "போர்வை வாத்தியார்" என்றே பெயர். கல்யாண வீட்டில் ஏசி அதிகமாக இருந்தால்கூட, "வாத்தியாரக் கூப்புடு, போத்திவிடுவாரு" என்கிறார்கள். மலர் லீவில் வரும்போதெல்லாம் தன் பிள்ளைகளுக்கு இதை நடித்தே காட்டுவாள். நான் வரப்பில் ஓடுவது, அத்தையிடம் கத்துவது, நாலு டிகிரி, எல்லாம் உண்டு. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்து அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு தடவையும், மெதுவாகக் கேட்பாள்.

"கால் வரைக்கும் போத்துனியாண்ணா?"

போத்தினேன் என்பேன்.