ரிஜெக்ட் அண்ணனும் ஆறு ஓட்டைகளும்

ஓட்டை என்ற ஒன்றை ரிஜெக்ட் அண்ணன் அளவுக்கு வெறுத்த மனிதர் இந்தப் பூமியில் பிறக்கவில்லை, இனிமேல் பிறக்கவும் வாய்ப்பில்லை. டீக்கடையில் மெதுவடையைத் தள்ளிவிட்டுப் பருப்பு வடைதான் கேட்பார். வீட்டில் இடியாப்ப உரலை அண்ணி அவர் கண்ணில் படாமல்தான் வைத்திருக்கிறார் என்று பேச்சு.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில், எங்கள் பொம்மைக் கம்பெனியில் அவர் செக்கிங், நான் பேக்கிங். சூளையிலிருந்து வரும் பொம்மையை விரலால் சுண்டுவார், வெளிச்சத்தில் திருப்புவார். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தால் போதும், "ரிஜெக்ட்டு!" என்று ஒரு சத்தம். பிள்ளையார் என்றும் பார்க்க மாட்டார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் விட மாட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் மீன்பிடிக்கிற பைத்தியம் பிடித்தது. கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவது கௌரவக் குறைச்சலாம். கயாக் என்கிற பிளாஸ்டிக் துடுப்புப் படகை செல்போனில் பார்த்துப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"தம்பி, நீளமா ஒல்லியா இருக்கறது வேகமா போவும், ஆனா கவுத்துடும். மீன் புடிக்க அகலமா, மேலயே ஒக்கார்ற மாரி இருக்கணும்" என்று டீ குடிக்க விடாமல் பாடம் நடத்துவார்.

புதுச்சேரிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் கயாக். சுண்டினார், தடவினார், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். மேலிருந்து அடிவரை ஆறு ஓட்டை!

"ரிஜெக்ட்டு!"

"சார், மேல தெறிக்கிற தண்ணி அது வழியாதான் கீழ எறங்கும். படகு முழுவாது" என்றார் கடைக்காரர்.

"படகுல ஓட்டைய போட்டு வெச்சிட்டு யாருகிட்டங்க காது குத்துறீங்க?"

ஆனால் அந்த மஞ்சள் அவரை விடவில்லை. வாங்கிவிட்டார். ஊருக்கு வந்ததும் ஆறு ஓட்டைக்கும் களிமண்ணில் மூடி செய்து சூளையில் வைத்தார். சுட்டால் மண் சுருங்கும் என்பது பேட்டையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சந்தோஷத்தில் இவர் மறந்துவிட்டார். ஆறும் ஓட்டை வழியாகவே பொத்துப் பொத்தென்று விழுந்தன. மறுபடி பெரிதாகச் செய்து, நீலக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பூசி, ரப்பர் வளையம் மாட்டிப் பொருத்தினார். பீங்கான் மூடி போட்ட கயாக் உலகத்திலேயே அது ஒன்றுதான்!

ஞாயிற்றுக்கிழமை, திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரி. மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினோம். நீச்சல் தெரியாத நான் மிதவைச் சட்டையோடு முன்னால், அவர் பின்னால். கால் மணி நேரத்தில் ஒரு விரால்! "வுடாத, வுடாத!" என்று கத்திக்கொண்டே இழுத்துப் போட்டோம்.

அப்போது பிடித்தது மழை. அப்பப்பா, என்ன மழை! கரையே தெரியவில்லை. மூடி போட்ட கயாக் தொட்டியாகிவிட்டது. தொடை முங்கத் தண்ணீர், அதில் எங்கள் விரால் ஜாலியாக நீந்துகிறது. படகு இப்படியும் அப்படியும் சாய ஆரம்பித்தது.

"அண்ணே, மூடிய புடுங்குங்க!"

"ஓட்டைய தொறக்கச் சொல்றியா? முப்பது வருஷத்துல ஒரு ஓட்டைய நான் பாஸ் பண்ணதில்லடா!"

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே! வூட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்குது!"

திரும்பி அழுத என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மூடியைப் பிடுங்கினார். குபுக்கென்று சத்தம். நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். தண்ணீர் இறங்கியது! மீதி ஐந்தையும் பிடுங்கி ஏரியில் வீசினார்.

"போவுதுடா! ஓட்டை வழியா போவுதுடா!" என்று துள்ளினார். அவர் துள்ளிய துள்ளலில் விரால் தப்பித்துப் போய்விட்டது.

போன மாதம் என் கையில் ஒரு பெட்டியை வைத்தார். உள்ளே கையளவு பீங்கான் கயாக், மஞ்சள் கிளேஸ். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவன் வாயைப் பிளந்து அழுகிறான். திருப்பிப் பார்த்தேன். அடியில் ஆறு ஓட்டை.

"நானே குத்துனது. பாஸு" என்றார்.

ஆயிரமாயிரம் பொம்மைகளை வைக்கோல் சுற்றி ஊர் ஊராக அனுப்பியவன் நான். கையை விட்டுப் போகவே கூடாது என்று நினைத்த பொம்மை இது ஒன்றுதான்.