பங்கரண்ணையின் கூட்டங்கள்

போர் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பயப்படாத மனிதர் கிடையாது. ஆனால் பயப்படுவதையே முழுநேர உத்தியோகமாகச் செய்தவர் பங்கரண்ணை ஒருவர்தான். லொறி இரைந்தாலும் சரி, பக்கத்து வீட்டில் மா இடித்தாலும் சரி, ஆள் பங்கருக்குள், அதுதான் பதுங்குகுழிக்குள், இருப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ தெரியாது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் எங்கள் சின்னத் தொண்டர் அலுவலகம் குருநகர்ப் பக்கத்து எயிட்ஸ் தடுப்புத் திட்டத்தை ஒப்படைத்தது. நான் அங்கே ஓர் ஒழுங்கையில், சின்னத் தெருவில், குடியிருந்தவன் என்பதால் அவருக்கு உதவியாள். மற்றவர்கள் கூட்டம் வைத்தால், எத்தனை பேர் வருவார்கள், தேத்தண்ணிக்கு என்ன வழி என்று யோசிப்பார்கள். இவருடைய முதல் கேள்வி, “பங்கர் எவ்வளவு தூரம்?” அடுத்தது, “உள்ளுக்குப் பாம்பு கிடக்கோ?”

கூட்டத்துக்குச் சனம் வந்தால்தானே! “உயிர் தப்புறதே பெரும்பாடு, அதுக்குள்ளை உந்த வருத்தமும் வேணுமோ?” என்று கதவைச் சாத்தினார்கள். கொடுத்த ஆணுறைகள் மட்டும் மளமளவென்று முடிந்தன. அண்ணைக்குத் தலைகால் தெரியாத சந்தோஷப் புளுகம். பிறகுதான் ஒரு கடற்றொழிலாளி உண்மையை உடைத்தார்.

“நல்ல சாமான் அண்ணை. கடலிலை நெருப்புப்பெட்டி நனையிறேல்லை.”

தீப்பெட்டிக்குத் தவம் கிடந்த பொருளாதாரத் தடைக் காலம் அது. அண்ணை பெருமூச்சு விட்டார். “சரி, இனி நெருப்புப்பெட்டிக்கு ஒண்டு, உமக்கு ஒண்டு.”

படுத்துக் கிடந்த திட்டத்தை நிமிர்த்தியது குண்டு போட வரும் பொம்மர் விமானம்தான். ஒருநாள் ஒழுங்கைச் சனம் முழுவதும் ஒரே பங்கருக்குள் அடைந்து கிடந்தோம். தலைக்கு மேல் இரைச்சல். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தியிருந்தார்கள். பயம் முற்றி, கடைசி மூலையில் குந்தியிருந்த அண்ணை தன்னை அறியாமலே பாடத்தை ஒப்புவிக்கத் தொடங்கிவிட்டார். எயிட்ஸ் எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது, ஆணுறை எதற்கு என்று ஒன்றும் மிச்சமில்லை. மீன் விற்கும் பிலோமினாக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“மேலை அவன் குண்டு போடுறான், கீழை நீ உதைக் கதைக்கிறாய். நாங்கள் எங்கையடா தம்பி ஓடுறது?”

அதன் பிறகு எங்கள் கூட்டங்கள் எல்லாம் பங்கரில்தான். எழுந்து போக ஒருவராலும் முடியாதே! சனத்துக்குப் பாடம் மனப்பாடமாகிவிட்டது என்றுதான் நாங்களும் நம்பினோம்.

அந்த நேரம் பார்த்து, கப்பலில் வேலை செய்த சீலன் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினான். அவனுக்கு என்ன நோயென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் எயிட்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் அள்ளிய கிணற்றில் தண்ணீர் அள்ள ஆளில்லை.

ஒரு மத்தியானம் திரும்பவும் பொம்மர். நாங்கள் விழுந்தடித்து உள்ளே இறங்கினோம். அண்ணை வழக்கம்போல முதல் ஆளாக மூலையில். கடைசியாக, இருமி இருமி ஓடிவந்த சீலன் வாசலில் நின்றான்.

“இஞ்சை வராதை! பிள்ளையள் இருக்கு!” என்று உள்ளேயிருந்து பல குரல்கள்.

அவன் இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. பொம்மர் சுற்றிக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்டது.

“தொட்டாலும் வராது, பக்கத்திலை இருந்தாலும் வராது. எத்தினை தரம் சொன்னனான்!” என்று அண்ணை கத்தினார். ஒருவரும் அசையவில்லை.

பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. அந்த மனிதர் எங்கள் தோளையும் தலையையும் மிதித்துக்கொண்டு மேலே ஏறினார். வெட்டவெளியில் சீலனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஒரே கோப்பையிலை குடிச்சாலும் வராது! ஐயோ அம்மா! ஒரே கிணத்திலை அள்ளினாலும் வராது!” என்று முகத்தை வானத்துக்கு நிமிர்த்திப் பாடம் நடத்தினார்.

பொம்மர் தாழப் பதிந்தது. பிலோமினாக்கா எழும்பினார்.

“உந்தப் பயந்தாங்கொள்ளியே வெளியிலை நிக்குது. எங்களுக்கென்ன கேடு? அரக்கி இடம் விட்டு இருங்கோடி!”

இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே இழுத்து விழுத்தினார். சீலனைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டார். குண்டு கடற்கரைப் பக்கம் விழுந்தது. எங்கள் தலையில் மண் கொட்டியது. புழுதி அடங்கிப் பார்த்தால், அண்ணை மயங்கிக் கிடக்கிறார். அப்போதும் சீலனின் கையை விடவில்லை.

அடுத்த முறை பொம்மர் வந்தபோது, “சீலன், கெதியா வாடா!” என்று பத்துக் குரல் கேட்டது.

அண்ணை பிறகு கரவெட்டிப் பக்கம் மாற்றலாகிப் போனார். பங்கருக்குள் மூச்சு விடவே இடம் போதாது. ஆனாலும் அந்தக் கடைசி மூலையில் ஒருவரும் இருப்பதில்லை. புதிதாக வந்த யாராவது அங்கே ஒதுங்கப் போனால் பிலோமினாக்கா விடமாட்டார்.

“அது எங்கடை அண்ணையின்ரை இடம், பிள்ளை. அந்தாள் சரியான பயம். நீ இஞ்சாலை வந்து நெருக்கி இரு.”