லிஃப்ட்காரர் ஊசி போட்டுக்கொண்ட கதை

லிஃப்ட்காரர் சபதமே போட்டுவிட்டார். தலையே போனாலும் சரி, அந்தப் புதுத் தடுப்பூசி மட்டும் தம் உடம்பில் ஏறாது!

"ஒரு லிஃப்ட்டை மாட்டி, சோதிச்சு, ஆளை ஏத்தவே எனக்கு ஆறு மாசம் ஆகுது. இவங்க ஒரே வருஷத்துல மருந்தையே கண்டுபிடிச்சுட்டாங்களாம்! அவசரத்துல அள்ளித் தெளிச்ச கோலம்!"

மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நம்ம சமையலறைக் குழாயை மூணு வருஷமா நிதானமாத்தானே ரிப்பேர் பண்றீங்க? ஏன் இன்னும் ஒழுகுது?"

"குழாய் வேற, உடம்பு வேற!"

"அத்தனை டாக்டருங்களும் மத்த வேலையை ஒதுக்கிட்டு இதுலயே உக்காந்தாங்க, சீக்கிரம் முடிஞ்சுது. உங்கள மாதிரி நடுவுல தூங்கப் போகல."

அவர் மசியவில்லை. சந்தேகம் கால்வாசி, ஊசிப் பயம் முக்கால்வாசி. பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷன் இதை வெளியே சொன்னால் மானம் கப்பலேறிவிடாதா?

அப்போதுதான் மகள் போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள். "அப்பா, நாளன்னிக்குப் பாப்பாவோட வரேன். ஆனா ஊசி போடாதவங்க கையில பாப்பாவைத் தர மாட்டேன். நீங்களா இருந்தாலும் சரி."

பேத்தி பிறந்து மூன்று மாதம். இதுவரை போன் திரையில்தான் கொஞ்சல். அவளைக் கையில் வாங்க அவருக்கு உயிர் துடித்தது.

மறுநாள் கிளம்பினார். தடுப்பூசி மையத்துக்கு இல்லை, மருந்துக் கடைக்கு. ஒரு பிளாஸ்திரி வாங்கிப் புஜத்தில் ஒட்டிக்கொண்டு, பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினார்.

"அப்பப்பா, என்னா கூட்டம்! எள்ளு போட்டா எள்ளு விழாது!"

"வலிக்குதாங்க?"

"கை கழண்டு விழுற மாதிரி இருக்கு!"

அடுத்த நாள் பேத்தி வந்தாள். தாத்தா இரண்டு கையையும் நீட்டினார். மனைவி குறுக்கே பாய்ந்தாள்.

"ஐயய்யோ! கை கழண்டு விழுதுன்னீங்களே, பாப்பாவைக் கீழே போட்டுட்டா?"

"அதெல்லாம் சரியாப் போச்சு!"

"ஒரே ராத்திரியிலயா? எனக்கே நாலு நாள் வலிச்சுது. அப்ப உங்களுக்கு மருந்து பிடிக்கலைன்னு அர்த்தம். கிளம்புங்க, இன்னொண்ணு போட்டுட்டு வந்துடலாம்."

"ஆமாப்பா, போயிட்டு வந்துடுங்க" என்று மகளும் பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வலிக்கிறது என்றால் குழந்தை கிடையாது. வலிக்கவில்லை என்றால் ஊசி. மனுஷன் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்.

மையத்தில் நர்ஸம்மா கேட்டாள், "முதல் ஊசிதானே?"

அவர் திருதிருவென விழித்தார். "முதல்னே எழுதிக்கங்கம்மா" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி. "இவருக்கு மறதி ஜாஸ்தி."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏதோ எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. சே, இதுக்கா இவ்வளவு பாடு!

வீட்டுக்கு வந்ததும் மகள் பாப்பாவை அவர் மடியில் வைத்தாள். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயால் சிரித்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா, ஊருக்கெல்லாம் ஒண்ணு, எனக்கு மட்டும் ரெண்டே நாள்ல ரெண்டு ஊசி! இதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்!"

மனைவி காதருகே குனிந்தாள்.

"முந்தாநேத்தே உங்க மூஞ்சியைப் பாத்தேன். பயந்துடுவீங்களேன்னு நேத்துத் துணைக்கு நானும் மையத்துக்கு வந்தேங்க. லீவாம், கதவுல பூட்டு தொங்குச்சு."