கணியூர் மாமாவுக்கு, பிரேக் விஷயமாக

கணியூர் தென்னந்தோப்புக்கும் எங்கள் குடும்பத்தின் எல்லாத் தீர்மானங்களுக்கும் உரிமையாளரான, மரியாதைக்குரிய தாய்மாமா திரு. கிட்டுசாமி அவர்களுக்கு, திருப்பூரிலிருந்து தங்கை மகன் தரணி பணிவுடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, பத்துத் தையல் மிஷின்கள் எல்லாம் நலம். அங்கு நீங்கள், அத்தை, தென்னைகள், மாடுகள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். பணிவு இத்தோடு முடிஞ்சுதுங்க மாமா. இனி வண்டி விஷயம்.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நான் பிரேக் என்று ஆரம்பித்தாலே உங்கள் தோப்பில் சிக்னல் போய்விடுகிறது. மழை வந்ததா, தேங்காய் இறக்கியாச்சா என்று கேட்டால் மட்டும் கணீர் என்று கேட்கிறது. லெட்டருக்கு சிக்னல் வேண்டாம். தேங்காய் லாரி டிரைவரிடம் கொடுத்து, உங்கள் கையில்தான் தர வேண்டும், அத்தை கையில் தரக்கூடாது என்று சொல்லி அனுப்பப் போகிறேன். அது உங்க நல்லதுக்குத்தானுங்க, ஏன்னு போகப்போகத் தெரியும்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். போன மாதம் குண்டடத்தில் விருந்துக்குக் கெடா பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு போனீர்கள். அவிநாசிபாளையம் தாண்டவில்லை, புளியமரத்தில் முட்டி நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை, அதில் எனக்கும் சந்தோஷம்தான். வண்டிக்கு முகமே இல்லாமல் போய்விட்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள், ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை. கூட்டத்தில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்றீர்கள். ஒத்தைச் செருப்பைத் திருடுகிற ஊர் எது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அப்பாவிடம், "பிரேக் புடிக்கலீங்க மாப்பிள்ளை. புடிச்சிருந்தா நான் ஏன் மரத்துல போயி நிக்கறேன்?" என்றீர்கள். அப்பாவும் தலையை ஆட்டினார். மச்சான் பேச்சுக்குத் தலையாட்டியே அவருக்குக் கழுத்து வலி.

அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். இருபது வருஷத்து வண்டி, இனி குண்டடம் இரும்புக்கடை மொக்கைச்சாமிக்குத்தான் லாயக்கு என்றீர்கள். நான் சரி செய்கிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை சிரித்தார். டீ கொண்டுவந்த அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். பிறகு எல்லார் முன்னாலும் சொன்னீர்கள், எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை: "கெடா விருந்து ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த வண்டி தானா ஓடி கணியூர் வந்து நின்னுதுன்னா, உன்னைய ஒருத்தரும் காலேஜுக்குப் போன்னு சொல்ல மாட்டோம் கண்ணு. வரலீன்னா வண்டி மொக்கைச்சாமி தராசுக்கு, நீ காலேஜு பஸ்ஸுக்கு."

ரெண்டு வருஷம் மெக்கானிக்கல் படிச்சேனுங்க மாமா. அவங்க போர்டுல இஞ்சின் வரைஞ்சாங்க, நான் நோட்டுல வரைஞ்சேன். வரைஞ்ச இஞ்சின்ல ஆயில் ஒழுகாது. எனக்கு ஒழுகற இஞ்சின்தான் வேணும். அந்த பஸ்ஸுல இனி ஏற மாட்டேன். வண்டியையும் தராசுல ஏத்த விட மாட்டேன். வண்டி இல்லாமல் அப்பா வெட்டின பனியன் துணி மூட்டைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு கம்பெனிக்கும் வீட்டுக்கும் அலைகிறார். மூட்டைதான் தெரிகிறது, அப்பா தெரிவதில்லை.

உள்ளே போன முகத்தை வெளியே இழுப்பது முதல் வேலை. தகட்டில் கொக்கி மாட்டி, சங்கிலியை எங்கள் தகரக் கொட்டகையின் சிமெண்ட் தூணில் கட்டி, புல்லி போட்டு இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கொட்டகைக்குள் அயர்ன் டேபிள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா, முகம் நிமிர்ந்ததா என்று கேட்டார். "இல்லீங்கப்பா, தூண் வந்துருச்சு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தகரம் இறங்கி டேபிள் மேல் உட்கார்ந்துவிட்டது. அப்பா டேபிளுக்கு அடியிலிருந்து டீ டம்ளரோடு வெளியே வந்தார். டீ சிந்தவில்லை, அதை மட்டும் பெருமையாகக் காட்டினார். தூணை நானே திரும்ப நட்டு, இரண்டு பங்கு சிமெண்ட் போட்டேன். இப்போது யானை வந்து முட்டினாலும் அசையாது.

அடுத்தது இடதுபக்கக் கதவு. கீழ்ப்பாதி கிழிந்து தொங்கியது. புதுத் தகடு வெட்டி ஒட்ட வேண்டும். டிங்கர் பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்ததும் இதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். போங்கண்ணா என்று நானும் வந்துவிட்டேன். எங்களுக்குக் கட்டிங் வேலை பார்க்கும் நல்லான் மாஸ்டர்தான் கைகொடுத்தார். முப்பத்திரண்டு வருஷமாகப் பனியன் துணி வெட்டுகிறவர், கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைவு போடுவார். வலதுபக்கக் கதவுக்கு அட்டை வைத்து அளவெடுத்தார், திருப்பிப் போட்டார், சாக்பீஸில் கோடு போட்டார், நான் கட்டர் பிடித்து வெட்டினேன். ஒரு பிசிறு இல்லை. கொண்டுபோய் வைத்தால் ஒன்றரை அங்குலம் வெளியே நிற்கிறது. மறுபடி அளந்தோம். முப்பது அங்குலக் கதவுக்கு முப்பத்தொன்றரை வெட்டியிருக்கிறார். ஏன் மாஸ்டர் என்றேன். "துவைச்சா அஞ்சு பர்சன்ட் சுருங்குமல்லோ, அதுக்கு விட்டேன்" என்றார். எதுங்க மாஸ்டர் சுருங்கும் என்று கேட்டேன். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம், "சுருங்காத பொருளை நான் இதுவரைக்கும் வெட்டுனதே இல்ல தம்பி" என்றார்.

அதற்காகத் தகட்டைத் தூக்கிப் போட முடியுமா? பனியனுக்கு அடி மடிப்பதுபோல அந்த ஒன்றரை அங்குலத்தையும் உள்பக்கம் மடித்துத் தட்டி வெல்டிங் வைத்துவிட்டேன். இந்த உலகத்தில் அடி மடித்த கதவு உள்ள ஒரே ஆம்னி எங்களுடையதுதான். கம்பெனியில் செய்த கதவைவிடக் கெட்டி. வேணும்னா வந்து எட்டி உதைச்சுப் பாருங்க மாமா, கால்ல ரெண்டு செருப்பும் இருந்தா.

பெயிண்டையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால். வண்டியின் பழைய நீலம் எந்தக் கடையிலும் இல்லை. டையிங் லேபில் வேலை செய்யும் என் சிநேகிதன் சசிகுமாரிடம் கழற்றிய பெட்ரோல் மூடியைக் கொடுத்தேன். துணிக்குக் கலர் சேர்ப்பதுபோலவே லைட் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தான். வெளிநாட்டுக் கடைகளில் எந்த லைட் எரியுமோ அந்த லைட்டில் இரண்டும் ஒரே நீலம், கலர் பாஸ் என்றான். அடித்துக் காயவைத்து வெளியே தள்ளினால், வெயிலில் முன்பாதி மயில் கழுத்து மாதிரி பச்சையடிக்கிறது, பின்பாதி நீலம். வெயில்ல எவன்டா டீ-சர்ட் வாங்கறான் என்கிறான் சசிகுமார். அதனால் என்ன. டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தினால் ஒரே கலர்தான். விருந்து நடக்கும் உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் டியூப்லைட் இருக்கிறதல்லவா, அங்கேயே நிறுத்துகிறேன்.

இப்போது பிரேக். டிரம்மைக் கழற்றினேன், புதுசு மாதிரி இருக்கிறது. ஆயில் சொட்டுக் குறையவில்லை. ஆனால் பெடலை மிதித்தால் பாதியில் நிற்கிறது. நசுங்கிக் கிடந்த ரப்பர் மேட்டைப் பிய்த்து எடுத்தேன். பெடலுக்கு அடியில் இறுகிக்கிடந்தது ஒரு செருப்பு. வலதுகால், எட்டாம் நம்பர், கட்டைவிரல் வளையம் அறுந்து பச்சை நூலில் தைத்தது. அத்தை தைத்த தையல், ஊரில் எல்லோருக்கும் தெரியும். செருப்பை உருவினேன், பிரேக் கல்லு மாதிரி பிடித்தது.

அன்னைக்குப் பிரேக் நல்லாத்தானுங்க மாமா இருந்துச்சு. உங்க செருப்புதான் அதைப் புடிக்க விடல. வண்டி மேல பழியப் போட்டு, என்னையும் சேர்த்துத் தராசுல ஏத்தப் பார்த்தீங்க. அந்தச் செருப்பைத் துடைத்து, டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வண்டி தானாக ஓடி கணியூர் வரும். சொந்தபந்தம் எல்லாம் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் செருப்பை உங்கள் காலடியில் வைத்து, விழுந்து கும்பிட்டு எழுந்திருப்பேன். காலேஜ் பேச்சு அத்தோடு சரி. மொக்கைச்சாமியை வரச் சொல்லுங்க, சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். மாடுகளுக்கு விசாரிப்பு. உங்கள் பெரிய மனசும் ரத்த அழுத்தமும் ஞாயிற்றுக்கிழமை வரை சீராக இருக்க பழனி முருகனை வேண்டும்,

உங்கள் மருமகன்
தரணி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு, கவரை ஒட்டுவதற்கு முன்னால் சந்து முனை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அம்மா வண்டிக்குப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். பூஜை போட்ட வண்டி, அதுவும் போக எனக்குப் புத்தி இருக்கிறது, என் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன். "ஏன் சாமி, முருகன் படத்துக்குப் பக்கத்துலயா செருப்பை வெப்பாங்க?" என்று அம்மா திட்டிக்கொண்டே உங்கள் செருப்பை எடுத்துக் கீழே வைத்தது காதில் விழுந்தது. கீழே என்றால் எங்கே என்று நான் பார்க்கவில்லை.

எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. ஐந்தாவதாக வண்டியின் வலதுபக்க முகம் நசுங்கியது, நான் நட்ட தூணில். தூண் அசையவில்லை. அடி மடித்த கதவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா ஓடிவந்து என்னடா ஆச்சு என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே, "பிரேக் புடிக்கலீங்கப்பா" என்றது. அண்ணன் அன்னைக்கே சொன்னாருல்ல என்று அம்மா அழுதார்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு நலம் விசாரித்து வேறு எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், நீங்கள் முழுசும் படிப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், கணியூர் பஸ்ஸில், காலேஜ் பஸ்ஸில் இல்லை. கெடு அடுத்த கெடா விருந்து வரை என்று நீங்களே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பெடலுக்கு அடியிலிருந்து மறுபடி உருவிய செருப்பு என் பையில் இருக்கும், அத்தை கண்ணில் படாது. நம்ம ரெண்டு பேருக்கும் பிரேக்தானுங்க மாமா புடிக்கல.

வலதுபக்கத்துக்கு நல்லான் மாஸ்டர் அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.