உசிரு பிடி

தெரியாத மொழியைத் தெரியும் என்று சொல்கிறவனுக்கு உடனே தண்டனை கிடைப்பதில்லை. எனக்குப் பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம் கழித்து, பொம்மசந்திராவில், சட்டையைக் கழற்றிய நிலையில் கிடைத்தது.

என் மனைவியின் தம்பி கதிர் அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். வெங்காயத் தோல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் படலம், அதில் ஆர்கானிக் டிரான்சிஸ்டர். (பூச்சிமருந்து அடிக்காத டிரான்சிஸ்டர் என்றுதான் நினைத்தேன். சிலிக்கனுக்குப் பதில் கார்பன் சேர்மத்தில் செய்ததாம்.) பிற்பாடு இதயத்தின் மேலேயே ஒட்ட வேண்டியது, அன்றைக்கு நெஞ்சுத் தோலில் ஒட்டிக் காட்டினால் போதும்.

"உடம்புக்குள்ள சிக்னல் ரொம்பச் சின்னது மாமா. ஒயர்ல வெளிய வர்றதுக்குள்ள இரைச்சல் கலந்துடும். இது அங்கயே பெருசாக்கி அனுப்பும்."

"சின்னதப் பெருசாக்கணுமா? அதுக்கு நான் ஒருத்தன் போதுமே மச்சான்."

பார்க்க வந்திருந்தவர்கள் டாக்டர்கள். அவர்களுக்குப் பிடித்தால் கதிரின் மூன்று வருட உழைப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும், இல்லையென்றால் அலமாரிக்கு. நெஞ்சைக் கொடுக்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட, என் நெஞ்சு போனது.

படலத்தை ஒட்டிய கம்பெனிப் பெண் ரூபா, "கன்னடா பருத்தா சார்?" என்றாள், கன்னடம் வருமா என்று.

டாக்டர்கள் எதிரில் மானம் முக்கியம். "சென்னாகி பருத்தே" என்றேன், நன்றாகவே வரும் என்று. (என் மொத்தக் கையிருப்பே இதுவும், ஆட்டோவில் இடது, வலது திருப்பச் சொல்லும் 'எடக்கே', 'பலக்கே'யும்தான்.)

கைஜாடையோடு மூச்சை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். ஸ்பீக்கரில் என் இதயம் டப், டப் என்று அழகாகப் பேசியது. பெரிய டாக்டர் தலையாட்டினார். ரூபா திரையில் கண் வைத்தபடி சொன்னாள்: "உசிரு பிடி சார்."

உசிரையா? பிடிக்கணுமா? அப்படியென்றால் போகப் போகிறதா? பிடித்தேன்.

"பிடி சார், பிடி."

நாற்காலியையும் சேர்த்துப் பிடித்தேன். ஸ்பீக்கரில் ரயில் ஓடியது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பயம், என் பயத்தில் அதற்கு வேகம். முகம் கத்தரிக்காய் ஆனது. கை கால் உதறியது. கதிர் ஓடிவந்தான்.

"மூச்ச விடுங்க மாமா. கன்னடத்துல உசிருன்னா மூச்சு. பிடின்னா விடு."

விட்டேன். மேஜைக் காகிதங்கள் பறந்தன. கதிரின் முகத்தில் அலமாரி தெரிந்தது. ஆனால் பெரிய டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை உதறலிலும் பதிவில் ஒரு துடிப்புகூட விட்டுப்போகவில்லையே என்றார், கதிரிடம், என்னைத் திரும்பியும் பார்க்காமல்.

படலம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அந்தப் பதிவுக்கு அவர்கள் கம்ப்யூட்டரில் இன்றும் பெயர் 'மாமா'. வீட்டில் நான் எதையாவது அளக்க ஆரம்பித்தால், மனைவி தலையை நிமிர்த்தாமலே "உசிரு பிடி" என்கிறாள். கன்னடத்தில் சொல்கிறாளா, தமிழில் சொல்கிறாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.